குதிரையின் தண்டுவட ஒட்டுண்ணி நோய்: 'மூன்று மடங்கு மருந்து' என்பது எந்த நாளுக்கு?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, முதலில் என் சொற்களில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் உங்கள் மகள் சவாரி பழகும் ஒன்பது வயதுக் காயடித்த குதிரை, சில வாரங்களாக வலப் பின்னங்காலை இழுத்து நடக்கிறது. வலப்பக்கப் புட்டத்துச் சதை குறுகியிருக்கிறது. கால்நடை மருத்துவர் நடையைச் சோதித்து, இரத்தப் பரிசோதனையும் பார்த்து, அங்கே எல்லோரும் ஈ.பி.எம். என்று சுருக்கிச் சொல்லும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம் என்று பொனாசுரில் என்னும் ஒட்டுண்ணி மருந்துப் பசையை 28 நாள் கொடுக்கச் சொன்னார். இன்று பத்தொன்பதாம் நாள். பெரிய மாற்றம் தெரியவில்லை. லாயத்தில் ஒருவர் 'மூன்று மடங்கு கொடுத்தால்தான் மூளைக்குப் போகும்' என்கிறார். இன்னொருவர் ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லியையும் சேர்க்கச் சொல்கிறார். மூன்றாமவர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கலவை மருந்தைக் காட்டுகிறார். சரியான அளவு எது, கூட்டிக் கொடுத்தால் விரைவாகக் குணமாகுமா, கூடவே நிற்கும் மற்ற இரண்டு குதிரைகளுக்கும் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அளவைக் கேட்கும் கேள்விக்குள், பத்தொன்பது நாளில் கால் நேராகாததால் சிகிச்சை தோற்றுவிட்டதோ என்ற அச்சமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் குதிரை மருத்துவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஆனால் உங்கள் குதிரையை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதன் நடையைப் பார்க்கவில்லை. கீழே வரும் எண்கள் உங்கள் மருத்துவரோடு நீங்கள் தெளிவாகப் பேச உதவட்டும். அவரைக் கேட்காமல் அளவை மாற்றுவதற்காக இவற்றைத் தரவில்லை.

லாயத்து நண்பர் சொன்ன 'மூன்று மடங்கு' எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது முழுப் பொய் அன்று. பாதி கேட்ட உண்மை. பொனாசுரிலின் அனுமதிக்கப்பட்ட அளவு, முதல் நாள் மட்டும் ஒரு கிலோ உடல் எடைக்கு 15 மில்லிகிராம், அதன்பின் 27 நாளைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், எல்லாம் வாய்வழியாக, நாளுக்கு ஒரு முறை. முதல் நாளின் அந்த மிகையளவை லோடிங் டோஸ் என்பார்கள். மும்மடங்கு என்பது அந்த ஒரு நாளுக்கு உரியது. இந்த மருந்து குதிரையின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுகிறது. இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய நான்கு நாளுக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட மருந்தை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் கொடுத்தால், முந்தைய நாள்களின் மிச்சத்தின் மேல் புதியது சேர்ந்து சேர்ந்து, இரத்த அளவு படிப்படியாக ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். லோடிங் டோஸ் இல்லாமல் நாள்தோறும் 5 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த அளவீட்டில், இரத்தத்தின் உச்ச அளவு சராசரியாகப் பதினெட்டாம் நாள் வாக்கில்தான் எட்டப்பட்டது. நரம்பு மண்டலம் அழிந்துகொண்டிருக்கும் நோயில் அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்பதால்தான் முதல் நாளில் மும்மடங்கு கொடுத்து ஏற்றத்தைச் சுருக்குகிறோம். உங்கள் குதிரைக்கு முதல் நாள் லோடிங் டோஸ் கொடுத்தார்களா என்று உங்கள் குறிப்பில் இல்லை. கொடுத்திருந்தால் நல்லது. கொடுக்காமல் விட்டிருந்தாலும், இந்தப் பத்தொன்பதாம் நாளில் அதைத் தேடிக் கொடுப்பதால் பயனில்லை. அது எதை விரைவுபடுத்த வேண்டுமோ அந்த ஏற்றம் இதற்குள் தானாகவே முடிந்திருக்கும்.

இதே காரணத்தால், இடையில் ஒரு நாள் மருந்து தவறிப்போயிருந்தாலும் கலங்க வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் இரத்த அளவு ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காமல், வழக்கமான அளவோடு தொடர்ந்து, ஒரு நாளை இறுதியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டால் போதும்.

இப்போது கணக்கு. 'ஆயிரம் பவுண்டு இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏறத்தாழ 450 கிலோ. அந்தப் பசை நூற்றுக்குப் பதினைந்து வலிமை கொண்டது, அதாவது ஒரு கிராம் பசையில் 150 மில்லிகிராம் மருந்து. 450 கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 2,250 மில்லிகிராம், அதாவது 15 கிராம் பசை. முதல் நாளுக்கு மட்டும் 45 கிராம். கணக்கு எளிதுதான். தவறு பெரும்பாலும் அந்த 'ஆயிரம் பவுண்டு' என்ற இடத்தில்தான் ஒளிந்திருக்கும். என்னிடம் ஒருமுறை, மூன்று வாரம் மருந்து கொடுத்தும் பயனில்லை என்று ஒரு குதிரையைக் கொண்டுவந்தார்கள். கண்ணால் பார்த்து 450 கிலோ என்று எழுதியிருந்தார்கள். தராசில் ஏற்றினால் 560. கிலோவுக்கு ஐந்து என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் நான்குதான். அந்தக் குறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து எடை பார்க்காமல் நான் இந்த மருந்தை எழுதியதில்லை. தராசு இல்லாத இடத்தில், முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பின் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 185, நீளம் 165 என்றால் 475 கிலோ வரும். நாடாவை ஒருவர் பிடித்து மற்றவர் படிக்க இரண்டு முறை அளந்து பாருங்கள். பவுண்டில் எழுதிய எடையைக் கிலோ என்று படித்துவிடுவது இன்னொரு தவறு; அது மருந்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிவிடும். பொனாசுரிலில் அதைக் குதிரை தாங்கிக்கொள்ளலாம். கீழே நான் சொல்லப்போகும் பைரிமெத்தமின் என்னும் மருந்தில் தாங்காது.

ஏன் இவ்வளவு நாள், ஏன் இந்த அளவு என்பது நோயைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்னும் ஒருசெல் உயிரி. சிறுபான்மையாக நியோஸ்போரா ஹியூகேசி. முதலாவது உயிரி, அமெரிக்கக் கண்டத்து ஒப்போசம் என்னும், வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கின் குடலில் முதிர்ந்து, அதன் எச்சத்தோடு வெளியேறி, தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து குதிரையின் வயிற்றுக்குள் போகிறது. 1960-களில் கென்டக்கியில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய்க்குக் காரணமான உயிரியை வளர்த்தெடுத்து அதற்குப் பெயர் வைத்தது 1991-ல்தான். அது மூளையிலோ தண்டுவடத்திலோ நுழைந்த இடத்தைப் பொறுத்தே அறிகுறிகள் அமையும். ஒரு பக்கம் மட்டும் தள்ளாடுவதும் ஒரு பக்கச் சதை மட்டும் கரைவதும் இந்நோயின் முகமாகக் கருதப்படுவது அதனால்தான். உங்கள் குதிரையின் விவரங்கள் அதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் ஒத்துப்போவது வேறு, உறுதியாவது வேறு. அமெரிக்காவில் பல பகுதிகளில் நலமாக ஓடும் குதிரைகளில் ஏறத்தாழ பாதியின் இரத்தத்திலும் இந்த உயிரிக்கு எதிராக உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அவை எங்கோ அதைத் தின்றிருக்கின்றன, நோய் வரவில்லை, அவ்வளவுதான். 1998-ல் அந்நாட்டு வேளாண் துறை எடுத்த கணக்கெடுப்பில், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைக்குப் பதினான்கு வாக்கில்தான் நோய் கண்டது. ஆகவே இரத்தத்தில் மட்டும் பார்த்த முடிவு 'இருக்கலாம்' என்பதோடு நிற்கிறது. இரத்தத்தையும் தண்டுவட நீரையும் ஒரே நாளில் எடுத்து, இரண்டிலும் உள்ள எதிர்ப்பொருளின் விகிதத்தைப் பார்ப்பதுதான், உயிருள்ள குதிரையில் நமக்குக் கிடைக்கும் மிக நல்ல சான்று. உங்கள் மருத்துவர் அதைச் செய்யாமல் சிகிச்சையைத் தொடங்கியதில் தவறில்லை. பலரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் 28 நாள் முடிந்தும் குதிரை மோசமாகிக்கொண்டே போனால், 'மருந்தைக் கூட்டலாமா' என்று கேட்பதற்கு முன் 'நோய் இதுதானா' என்று கேட்க வேண்டும். கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெரிப்பது, ஹெர்ப்பிஸ் வைரஸ், வெஸ்ட் நைல் வைரஸ், வைட்டமின் ஈ குறைவோடு வரும் நரம்புத் தேய்வு, பழைய விழுகாயம் ஆகிய எல்லாமே பின்னங்காலை இழுக்கச் செய்யும். இவற்றில் எதுவும் பொனாசுரிலுக்குக் கட்டுப்படாது.

ஐவர்மெக்டின் பற்றிய யோசனைக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். நம் ஊரில் மாணவனாக இருந்தபோது, பின்னங்கால் தள்ளாடும் குதிரை என்றால் முதலில் எங்கள் நினைவுக்கு வந்தது கும்ரி. மாடு எருமைகளின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா டிஜிட்டேட்டா என்னும் புழுவின் இளம் புழுக்கள் கொசுவழியாகக் குதிரைக்குள் போய், வழிதவறித் தண்டுவடத்தைத் துளைப்பதால் வருவது அது. இந்தியாவிலும் இலங்கையிலும் அறியப்பட்ட நோய். அது வட்டப்புழு என்பதால் அங்கே புழுக்கொல்லி மருந்துகளைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. ஐவர்மெக்டின் வட்டப்புழுக்கள், உண்ணி, பேன் போன்றவற்றின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகை வாயிலைத் திறந்துவைத்து அவற்றை முடக்குகிறது. சார்கோசிஸ்டிஸ் ஒரே ஒரு செல். அதற்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. ஐவர்மெக்டினை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மாறாக, மிக அதிக அளவில் ஐவர்மெக்டின் குதிரையின் மூளைக்குள் நுழைந்து, தள்ளாட்டத்தையும் சோர்வையும் தொங்கும் உதட்டையும் தானே உண்டாக்கும். அப்போது எது நோய், எது மருந்து என்று யாராலும் பிரித்தறிய முடியாமல் போகும். வழக்கமான குடற்புழு நீக்கத்துக்கு உரிய நாள் வந்தால் உரிய அளவில் கொடுங்கள்; இந்த நோய்க்காகக் கொடுக்க வேண்டாம்.

பொனாசுரிலையே கூட்டினால் என்ன என்ற கேள்வி அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அன்று. ஆய்வுக் குழாயில் இந்த உயிரியின் வளர்ச்சியைப் பெருமளவு நிறுத்த ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வாக்கில் மருந்து தேவைப்படுகிறது. நாள்தோறும் 5 மில்லிகிராம் பெற்ற குதிரைகளின் இரத்தத்தில் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. தண்டுவட நீரிலோ 0.2 மைக்ரோகிராம் அளவே இருந்தது. இதைப் படிக்கும் எவருக்கும் 'அப்படியானால் கூட்டத்தானே வேண்டும்' என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு செய்திகளை உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தண்டுவட நீர் என்பது நரம்புத் திசு அன்று. கொழுப்பில் எளிதில் கரையும் இம்மருந்து திசுவுக்குள் எவ்வளவு தங்குகிறது என்பதை அந்த நீரை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. மற்றொன்று, மருந்துக்கு அனுமதி கிடைக்கக் காரணமான கள ஆய்வில் நோயுள்ள 101 குதிரைகளுக்கு 5 மில்லிகிராம் அல்லது 10 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 62 குதிரைகள் முன்னேறின. இரட்டிப்பு அளவு பெற்றவை மற்றவற்றைவிடப் பெரிதாக மேம்பட்டுவிடவில்லை. கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பாதுகாப்புச் சோதனையில், மலம் இளகுவதும் சில பெண் குதிரைகளின் கருப்பை உட்சுவரில் வீக்கமும் காணப்பட்டன, குதிரைகள் சாகவில்லை. ஆகவே இந்த மருந்தைக் கூட்டுவது உடனடி ஆபத்து என்று உங்களை நான் பயமுறுத்தமாட்டேன். பயன் கூடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை, செலவு மட்டும் கூடும் என்பதே என் கணிப்பு. சில மருத்துவர்கள், முற்றிலும் சோர்ந்துவிட்ட குதிரைக்கோ நோய் திரும்பி வந்த குதிரைக்கோ பத்து மில்லிகிராம் கொடுக்கிறார்கள். நானும் சிலமுறை கொடுத்திருக்கிறேன். அது ஒவ்வொரு குதிரையையும் பார்த்து எடுத்த முடிவு; எல்லாக் குதிரைக்கும் ஒரு விதியாக அதை என்னால் தர முடியாது. உட்கொள்ளும் மருந்து நன்றாக உறிஞ்சப்பட, அரைக் கோப்பைத் தாவர எண்ணெயைப் பசையோடு அல்லது தீவனத்தோடு கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. மருந்து கொழுப்பில் கரைவது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், அளவைக் கூட்டுவதற்கு முன் செய்து பார்க்கத்தக்கது அதுதான்.

பத்தொன்பதாம் நாளில் மாற்றம் தெரியாததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கவலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. மருந்து ஒட்டுண்ணியின் பெருக்கத்தைத்தான் நிறுத்துகிறது. அது ஏற்கெனவே அழித்த நரம்பு செல்களை எந்த மருந்தும் திரும்பத் தராது. வீங்கிப்போன பகுதி வடிவதும், தப்பிய நரம்புகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும், கரைந்த சதை மீண்டும் திரள்வதும் மாதக்கணக்கில் நடப்பவை. மேலே சொன்ன கள ஆய்விலேயே, குதிரை முன்னேறியதா என்ற கேள்விக்கு இறுதி விடை எழுதிய நாள் 118. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து. மருந்தை நிறுத்திய பின்னும் முன்னேறிய குதிரைகளை நானே பார்த்திருக்கிறேன். சிகிச்சை தொடங்கிய முதல் சில நாளில் நிலை சற்று மோசமாவதும் உண்டு. ஒட்டுண்ணிகள் சாகும்போது எழும் அழற்சி என்று அதற்கு விளக்கம் சொல்கிறோம், அந்த விளக்கம் இன்னும் உறுதிப்படாதது. பொதுவாகச் சொன்னால், சிகிச்சை பெறும் குதிரைகளில் நூற்றுக்கு அறுபது எழுபது முன்னேறுகின்றன. முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புபவை பதினைந்து முதல் இருபத்தைந்து வரையே. பத்து முதல் இருபது வரை பின்னர் ஒருநாள் மீண்டும் நோயுறுகின்றன. இந்த எண்களை உங்கள் மகளிடமும் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக உண்மையைத் தாங்குவார்கள்.

மாற்றம் இருக்கிறதா என்பதை நினைவைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். தள்ளாட்டத்தைப் பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. பூச்சியம் என்றால் இயல்பு, ஐந்து என்றால் எழ முடியாமல் கிடப்பது. முதல் நாளில் மருத்துவர் எந்த எண்ணைக் குறித்தார் என்று கேட்டு வாங்கிவையுங்கள். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நேராக நடப்பதையும் சிறு வட்டத்தில் திரும்புவதையும் கைபேசியில் படம்பிடியுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் முதல் வாரப் படத்தையும் நான்காம் வாரப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரியும். இதோடு ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்கிறேன்: மருத்துவர் மறுபடி சோதித்துச் சம்மதிக்கும் வரை உங்கள் மகள் அந்தக் குதிரையின் மேல் ஏறக் கூடாது. கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாத குதிரை எந்த நொடியும் விழும். விழும்போது மேலே இருப்பவரும் அடியில் சிக்குவார். உடல் தேய்த்துவிடுவதும் தீவனம் வைப்பதும் கூட, குதிரை சுவரோரம் சாய்ந்தால் விலக இடமுள்ள பக்கத்தில் நின்றுதான் செய்ய வேண்டும்.

28 நாளுக்குப் பின் என்ன என்பதில்தான் மருத்துவர்கள் வேறுபடுகிறார்கள். 28 என்பது ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த எண். அந்த நாளில் ஒட்டுண்ணி முழுவதும் ஒழிந்துவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என் வழக்கம் இது: 28-ஆம் நாளில் மறுசோதனை, குதிரை முன்னேறியிருந்து இன்னும் முன்னேறிக்கொண்டே இருந்தால் இன்னொரு 28 நாள், முன்னேறி ஒரு நிலையில் நின்றுவிட்டால் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கவனிப்பது, எந்த மாற்றமும் இல்லாவிட்டால் நோயறிதலை முதலிலிருந்து பார்ப்பது. மருந்தை நீட்டிப்பதால் மறுநோய் குறையும் என்பது அனுபவத்திலிருந்து வரும் நம்பிக்கை. அதை உறுதிசெய்யும் நல்ல ஒப்பீட்டு ஆய்வு என்று எதையும் உங்களுக்கு என்னால் காட்ட முடியாது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மருத்துவர் மாற்றச் சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. டைக்ளாசுரில் அதே குடும்பத்து மருந்து. தீவனத்தின் மேல் தூவும் குருணையாக வருகிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 28 நாள். 450 கிலோ குதிரைக்கு அந்த 1.56 சதவீதக் குருணையில் ஏறத்தாழ 29 கிராம். வாயில் பசை செலுத்த விடாத குதிரைக்கு இது எளிது. ஆனால் தீவனத்தை மிச்சம் வைக்கும் குதிரை மருந்தையும் மிச்சம் வைக்கும் என்பதை மறக்கக் கூடாது. பழைய முறை, சல்ஃபாடயசினும் பைரிமெத்தமினும் சேர்ந்த நீர்மம்: கிலோவுக்கு முறையே 20 மில்லிகிராமும் 1 மில்லிகிராமும், நாளுக்கு ஒருமுறை, மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை. உலர்புல்லுக்கும் தானியத்துக்கும் ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒட்டுண்ணி ஃபோலிக் அமிலத்தை ஆக்குவதையும் பயன்படுத்துவதையும் தடுப்பவை. குதிரையின் எலும்பு மஜ்ஜைக்கும் அதே அமிலம் தேவை என்பதால், மாதம் ஒருமுறையாவது இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்காமல் இதைத் தொடரக் கூடாது. இங்கே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு பெருந்தவறு உண்டு. அமிலம் குறைகிறதே என்று கடையில் விற்கும் ஃபோலிக் அமிலத்தூளை வாய்வழி கொடுப்பார்கள். குதிரையின் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. பைரிமெத்தமினோடு சேரும்போது அது குறையைத் தீர்க்காமல் கூட்டிவிடலாம். சினையாக இருந்த பெண் குதிரைகளுக்கு இம்மருந்துகளோடு ஃபோலிக் அமிலமும் கொடுக்கப்பட்டு, பிறந்த குட்டிகள் மஜ்ஜை, சிறுநீரகம், தோல் ஆகியவற்றில் குறையோடு பிறந்ததை 1998-ல் வெளியான ஓர் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. பச்சைப்புல் மேய்ச்சல் அதைவிட மேலானது. 2003-ல் அனுமதி பெற்ற நைட்டசாக்ஸனைடு பசை, குடலின் நுண்ணுயிர்ச் சமநிலையைக் குலைத்து உயிர்போக்கும் பேதியை உண்டாக்கியதால் இப்போது விற்பனையில் இல்லை. யாராவது பழைய குழாயை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

இதுதான் என்னை மூன்றாமவர் காட்டிய மலிவுக் கலவைக்குக் கொண்டுவருகிறது. பத்தே நாளில் குணமாக்கும் என்று விற்கப்படும் டெக்கோகுவினேட், லெவாமிசோல் கூட்டு மருந்து அரசின் அனுமதி பெற்றதன்று. லெவாமிசோல் குதிரையின் உடலில் அமினோரெக்ஸ் என்னும் ஊக்கப்பொருளாக மாறக்கூடியது என்பதால், போட்டியில் கலந்துகொள்ளும் குதிரைக்குத் தடைச் சிக்கலும் சேரும். கலவை மருந்துகளில் அதைவிடப் பெரிய கவலை, சீட்டில் எழுதிய வலிமையும் உள்ளே இருக்கும் வலிமையும் ஒன்றா என்பதுதான். 2014-ல் கென்டக்கியிலும் ஃபுளோரிடாவிலும், பொனாசுரில் குடும்பத்து டோல்ட்ரசுரிலும் பைரிமெத்தமினும் கலந்து தயாரித்த ஒரு கலவையில் பைரிமெத்தமின் குறிப்பிட்டதைவிடப் பல மடங்கு இருந்து, அதைப் பெற்ற குதிரைகள் வலிப்பும் காய்ச்சலும் கண்டன, சில இறந்தன. அந்தக் குதிரைகளின் உரிமையாளர்கள் அளவைச் சரியாகத்தான் கொடுத்தார்கள். பொனாசுரில் பசையின் விலை எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரியும். பணம்தான் தடை என்றால் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். டைக்ளாசுரிலைக் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் கொடுத்தாலே ஒட்டுண்ணியைத் தடுக்கும் இரத்த அளவு எட்டப்படுகிறது என்று நலமான குதிரைகளில் செய்த அளவீடுகள் காட்டுகின்றன. நோயுற்ற குதிரையில் அது முழு அளவுக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி என்றாலும், முகம் தெரியாத கலவையைவிட அந்த வழியை எடைபோட்டுப் பார்க்கலாம்.

துணை மருந்துகளில், இயற்கையான வைட்டமின் ஈ-யை நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 அலகு வரை சிகிச்சைக்காலம் முழுவதும் கொடுப்பது வழக்கம். நரம்புத் திசுவைக் காப்பதில் அதன் பங்கு நியாயமானது, தீமை அரிது. முதல் வாரத்தில் ஃப்ளூனிக்சின் போன்ற அழற்சி தணிக்கும் மருந்தை மருத்துவர் சேர்த்திருக்கலாம். ஸ்டீராய்டைக் குதிரை விழுந்துவிடும் நிலையில் இருந்தால் மட்டும், ஓரிரு நாளைக்கு, அதுவும் ஒட்டுண்ணி மருந்து தொடங்கிய பின்னரே நான் பயன்படுத்துவேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை இந்த நோயில் நீண்ட நாள் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது.

மற்ற இரண்டு குதிரைகளுக்கு மருந்து வேண்டாம். இந்த நோய் குதிரையிலிருந்து குதிரைக்குத் தொற்றுவதில்லை. நோயுற்றதைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டிய தேவையும் இல்லை, கூட்டத்தில் பழகிய குதிரையைப் பிரிப்பது அதற்கு இன்னொரு வேதனையாகவே முடியும். மூன்றும் ஒரே தீவனத்தையும் தண்ணீரையும் பங்கிடுகின்றன என்பதால், கவனிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். தானியத்தை மூடியுள்ள தகரப் பீப்பாயில் வையுங்கள். உலர்புல் கட்டுகளின் மேல் இரவில் எது ஏறி உறங்குகிறது என்று பாருங்கள். பூனைக்கு வைக்கும் தீனியை இரவில் வெளியே விடாதீர்கள், ஒப்போசம் அதைத் தேடித்தான் லாயத்துக்கு வருகிறது. தண்ணீர்த் தொட்டியை அடிக்கடி கொட்டிக் கழுவுங்கள். மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று கால் இடறினாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். உங்கள் குதிரைக்கு இன்று மாலை வழக்கமான 5 மில்லிகிராம் அளவைக் கொடுத்துவிட்டு, நாளை காலை நாடாவை எடுத்து அதன் நெஞ்சைச் சுற்றி அளந்து, வரும் எண்ணை மருத்துவருக்கு அனுப்புங்கள்.